பூஜையில் வைத்த மிஷின்

என் கையெழுத்து அழகாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் அதற்காகப் பரிசு வாங்கியிருக்கிறேன். உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் எழுதிய முதல் பக்கத்தைப் பார்த்தேன். கோழி கிளறியதுபோல் இருக்கிறது, என் அப்பா பெயரையும் தப்பாகப் போட்டிருக்கிறார். அதனால்தான் பேப்பரும் பேனாவும் கேட்டேன். நானே எழுதித் தருகிறேன். டீ வாங்கித் தந்ததற்கு நன்றி. சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை.

பெயர் நாச்சிமுத்து. அப்பா பெயர் மருதாசலம். வயது முப்பத்தொன்பது. எங்களுடையது நெசவுக் குடும்பம். முருகனைக் கும்பிட்டுவிட்டுத்தான் அப்பா தறிக்குழியில் கால் வைப்பார். தறி இனிமேல் சோறு போடாது என்று தெரிந்ததும் எண்பத்திரண்டில் திருப்பூர் வந்து பனியன் கம்பெனியில் கூலிக்குச் சேர்ந்தார். என்னை அந்தப் பக்கம் விடவில்லை. கடன் உடன் பட்டுக் கோவையில் கம்ப்யூட்டர் படிக்க வைத்தார். நான் படித்துவிட்டுத் திரும்பியபோது இந்த ஊரில் கம்ப்யூட்டர் என்றால் ஒரு ஏசி ரூமும் வாசலில் கழற்றி விட்ட செருப்புகளும்தான். அதை வைத்து என்ன செய்வது என்று முதலாளிகளுக்குத் தெரியாது. தெரியவைத்தவன் நான். இதை யாரும் மறுக்க மாட்டார்கள்.

‘வேலன்’ என்று ஒரு புரோகிராம் எழுதினேன். சாயப்பட்டறைக்கானது. எத்தனை கிலோ துணி, என்ன கலர் என்று அடித்தால் எந்தச் சாய மருந்து எவ்வளவு போட வேண்டும் என்று ஒரு சீட்டு அச்சாகி வரும். அதுவரை அந்தக் கணக்கு சாய மாஸ்டரின் நோட்டில் இருந்தது. மாஸ்டர் அந்த நோட்டை வேட்டி மடிப்பில் வைத்திருப்பார். முதலாளிக்கே காட்ட மாட்டார். அவர் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போனால் பட்டறையே நின்றுவிடும். நான் அந்த நோட்டை அவர் மடியிலிருந்து எடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். பூட்டு என்றால் நிஜமாகவே பூட்டு. கம்ப்யூட்டரின் முதுகில் பிரிண்டர் ஒயர் சொருகும் இடத்தில் தீப்பெட்டி அளவு ஒரு கட்டை. அது இருந்தால்தான் வேலன் ஓடும். விலை, ஒரு நல்ல தையல் மிஷின் விலை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நான் அளந்துதான் போட்டேன்.

நாற்பது பட்டறைகளில் வேலன் ஓடியது. நான் உள்ளே நுழைந்தால் முதலாளி நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார். சார் வந்திருக்கிறார், டீ சொல்லு என்பார். அதே முதலாளிகளின் கம்பெனி வாசலில்தான் என் அப்பா சனிக்கிழமை சம்பளத்துக்கு வரிசையில் நின்றார். அந்த டீ எனக்கு எப்படி இனித்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கிட்டுசாமி வந்தது தொண்ணூற்று நாலில். கணியூர்க்காரர், பாலிடெக்னிக் படித்தவர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். எக்ஸ்போர்ட்டில் கழித்துப் போட்ட டீ-ஷர்ட்தான் எப்போதும் போடுவார். நெஞ்சில் இருக்கிற எழுத்து தலைகீழாக அச்சாகியிருக்கும். அவருடைய சிநேகிதன் ஒருவன் கொடுத்த ஃப்ளாப்பியில் வெளிநாட்டுக்காரர்கள் எழுதிய ஏதோ புரோகிராம் இருந்ததாம். அதன் சோர்ஸ், அதாவது எழுதிய வரிகள் அத்தனையும், மூடாமல் அப்படியே இருந்ததாம். கூடவே ஒரு பத்திரம்: யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம், திருத்தியதை மட்டும் மூடி வைக்கக் கூடாது. இந்த ஆள் அதைப் படித்துவிட்டு வேதம் கிடைத்த மாதிரி ஆகிவிட்டார். தானும் சாயக் கணக்குக்கு ஒரு புரோகிராம் எழுதினார். பெயர் ‘பட்டறை’. சோர்ஸோடு சேர்த்து, கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் சும்மா கொடுத்தார்.

ஒருநாள் டீக்கடையில் வைத்து, பிழைக்கத் தெரியவில்லையே உனக்கு என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டுதான் பதில் சொன்னார்.

“அண்ணா, நீங்க ஜாப் ஒர்க் பாத்ததில்லீங்களா? துணி பார்ட்டியோடதுங்க. நிட்டிங்காரரு ஓட்டிக் குடுக்கறாரு, சாயக்காரரு முக்கிக் குடுக்கறாரு, கூலி வாங்கிக்கறாங்க. ஆராச்சும் துணிய வெச்சுப் பூட்டிக்கறாங்களா? புரோகிராமும் அப்பிடித்தானுங்ணா. நம்முளுது கூலி மட்டுந்தானுங்க.”

நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கூலி என்ற வார்த்தை தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. கூலிக்காரன் மகன் கூலிக்காரனாவதற்காக என் அப்பா என்னைக் கோவைக்கு அனுப்பவில்லை.

ஓசியில் கொடுப்பவன் சீக்கிரம் பசியில் விழுவான் என்று பொறுமையாகக் காத்திருந்தேன். விழவில்லை. மாதாமாதம் வந்து பார்ப்பதற்கு, புதுக் கலர் சேர்ப்பதற்கு, ஆட்களுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கு என்று பட்டறைக்காரர்கள் அவருக்குச் சம்பளம் மாதிரி கொடுத்தார்கள். நான் ஒரு தடவை விற்றுவிட்டு அடுத்த ஆளைத் தேடி ஓடிக்கொண்டிருந்தேன். அவர் ஒரே ஆளிடம் வருடம் முழுக்க வாங்கினார். அதுகூடப் பரவாயில்லை. ஒரு பட்டறையில் செய்த திருத்தம் அடுத்த வாரமே எல்லாப் பட்டறைக்கும் போய்விடும். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத முதலாளிகள்கூட அடுத்தவர் கொடுத்த திருத்தத்தை வாங்கிக்கொண்டார்கள். நாற்பது பேர் சேர்ந்து இழுக்கும் தேரை நான் ஒருவன் தள்ளுவண்டியை வைத்துக்கொண்டு எப்படி முந்துவது?

ஒவ்வொருவராக என் பூட்டைக் கழற்றிக் கவரில் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். ஒருவர் அதே கவரில் தன் மகள் கல்யாணப் பத்திரிகையையும் வைத்திருந்தார். நான் போய் மொய் வைத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு அவருடைய புரோகிராமை நானும் எடுத்தேன். மருந்துக் கணக்குப் பகுதியை மட்டும் வெட்டி வேலனுக்குள் வைத்து, மேலே பூட்டைப் போட்டேன். சும்மா கிடப்பதை எடுப்பது திருட்டு இல்லை. கிட்டுசாமிக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது. அவருடைய புரோகிராம் கருநீலத்துக்கு மட்டும் ஒரு குடம் தண்ணீர் கூடுதலாகச் சொல்லும். அது அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மாஸ்டரின் பழக்கம். வேலனும் அந்த ஒரு குடத்தைச் சொன்னது. அவர் சண்டைக்கு வரவில்லை. எடுத்தது சரி, பூட்ட மட்டும் வேண்டாம், தொட்டவர் பெயரை எழுதுங்கள் என்றார்.

அது அவர் வைத்திருந்த முறை. நிட்டிங்கில் துணி ரோல் இறங்கினால் ஓட்டியவர் தன் மிஷின் நம்பரையும் பெயரையும் அதன் ஓரத்தில் எழுத வேண்டும். ஓட்டை விழுந்தால் யார் கை என்று தெரிய வேண்டுமல்லவா. அதேபோல் புரோகிராமில் யார் எதைத் திருத்தினாலும் பெயர், தேதி, நேரம், என்ன செய்தார் என்று ஒரு வரி எழுதச் சொல்வார். பட்டியலில் முப்பது நாற்பது பெயர்கள் இருந்தன. பாதிப் பேர் பட்டறையில் சீட்டு அடிக்கிற பெண்கள். அவர்களுக்கு நடுவில் என் பெயரைப் போடச் சொன்னார். பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இனி எழுதப் போவதை நிதானமாகப் படியுங்கள். நான் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. துணிக்குத்தான் நினைத்தேன்.

‘பட்டறை’யை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று அவரே சொல்லியிருந்தார். நான் ஒரு இடத்தைத் திருத்தினேன். வெளுப்புக்குப் போடுகிற பெராக்சைடு கணக்கில் ஒரு புள்ளியை ஒரு இலக்கம் வலப்பக்கம் தள்ளி வைத்தேன், அளவு பத்து மடங்காகும். கிலோ கணக்கு பெரிதாக வரும்போது மட்டும் அது வேலை செய்யும்படி பார்த்துக்கொண்டேன். பெயர் எழுதவில்லை. இருபது ஃப்ளாப்பியில் நகல் எடுத்து, பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, கிட்டுசாமியின் புதுப் புரோகிராம், யார் கேட்டாலும் சும்மா கொடுங்கள் என்றேன். வாழ்க்கையில் நான் இலவசமாகக் கொடுத்தது அது ஒன்றுதான்.

துணி நைந்து அப்பளமாகக் கிழியும், முதலாளி ஓசிப் புரோகிராமைத் திட்டிக்கொண்டு என்னிடம் வருவார் என்பதுதான் என் கணக்கு. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று சொல்வார்களே, பார்க்காதவன் பாடு என்ன ஆகிறது என்று காட்ட நினைத்தேன்.

அவிநாசிபாளையம் ரோட்டில் ஒரு சின்னப் பட்டறை. அங்கே சின்னான் என்று ஒருவர், இருபது வருடமாக வெளுப்புத் தொட்டியில் நிற்கிறவர். கைப்பிடியிலேயே அளவு தெரியும் அவருக்கு. சீட்டைப் பார்த்ததும் சூப்பர்வைசரிடம், “ஏனுங்க, இது நெம்ப சாஸ்தியா இருக்குதுங்களே” என்று கேட்டிருக்கிறார். அச்சடித்து வந்த சீட்டு பொய் சொல்லுமா என்று சூப்பர்வைசர் திருப்பிக் கேட்டிருக்கிறார். இந்த ஊரில் மாஸ்டர் சொன்னால் நாலு கேள்வி கேட்பார்கள். பிரிண்டர் கீச்கீச்சென்று அடித்துத் தந்தால் கோயில் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் வாங்குவார்கள். சின்னானும் வாங்கினார். கொதிக்கிற தொட்டியில் கேனைக் கவிழ்த்தார். பால் பொங்குகிற மாதிரி தொட்டி பொங்கி அவர் முகத்துக்கு வந்தது. கண் இரண்டும் வெந்துபோயின. முகத்தைத் துடைத்த துண்டோடு கன்னத்துத் தோலும் வந்துவிட்டது என்றார்கள். கோவையில் ஒரு மாதம் வைத்திருந்தார்கள். உயிர் இருந்தது.

எனக்கு வருத்தம்தான். ஆனால் கேனைக் கவிழ்த்தது நான் இல்லை. சாஸ்தி என்று அவருக்கே தெரிந்திருக்கிறது.

நான் நினைத்தது நடந்தது. பதினோரு பட்டறைகள் என்னிடம் திரும்பி வந்தன. பழைய பூட்டுகளைத் துடைத்து மறுபடியும் சொருகினேன். ஆனால் கிட்டுசாமி ஊரை விட்டு ஓடவில்லை. தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனார். சின்னானின் மனைவி தெய்வாத்தாளுக்கு எழுத்து அடிக்கச் சொல்லிக்கொடுத்து, வளர்மதிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் தான் உட்கார்ந்து வேலை செய்கிற பட்டறையிலேயே சீட்டு போடும் வேலையில் சேர்த்துவிட்டார். மற்ற நேரமெல்லாம் ஊர் ஊராகப் போய், யார் யாரிடம் அந்தப் புரோகிராம் இருக்கிறதோ அவர்களிடமிருந்து நகல் வாங்கி, ஒன்றோடு ஒன்றை வரி வரியாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். மூடி வைத்த புரோகிராமாக இருந்தால் அது நடக்காது. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

போன ஆயுத பூஜை அன்று காலையில் எனக்குப் போன் செய்தார். பூஜை முடிந்ததும் பட்டறைக்கு வாருங்கள், ஒரு விஷயம் பேச வேண்டும் என்றார். குரலில் கோபம் இல்லை. நான் போகும்போது பதினொன்றரை இருக்கும். பொரி, கடலை, இனாம் எல்லாம் வாங்கிக்கொண்டு ஆட்கள் போய்விட்டார்கள். வாசலில் பூசணிக்காய் உடைத்துக் குங்குமத் தண்ணீர் சிவப்பாகக் கிடந்தது. உள்ளே ஒரு பெஞ்சில் ஸ்பானர், சுத்தியல், கத்தரிக்கோல் எல்லாம் சந்தனப் பொட்டோடு வரிசையாக இருந்தன. கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்து, செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள். யாரோ ஒரு புண்ணியவான் ஃப்ளாப்பிக்கும் குழைத்த சந்தனம் வைத்திருந்தான். அதைக் காட்டி இரண்டு பேருமே சிரித்தோம்.

அப்புறம் அவர் சொன்னார். பத்தொன்பது நகல்களில் ஏழில் அந்தப் புள்ளி நகர்ந்திருக்கிறது. ஏழும் ஒரே ஜெராக்ஸ் கடையிலிருந்து போனவை. கடைக்காரர் என் பெயரைச் சொல்லிவிட்டார்.

போலீசுக்குப் போகப் போகிறாயா என்று மட்டும் கேட்டேன்.

“நானெதுக்குங்ணா போறன்? நீங்களே வாங்க, சின்னான் ஊட்டுக்குப் போயி அவர்கிட்டச் சொல்லிப்போடலாம். அப்பறம் அவரு என்ன சொல்றாரோ அதுதானுங்க. அதுக்கு மின்னாடி பேர எழுதிப்போடுங்க. தொட்டவங்க பேரு இல்லாம ஒரு வரி நிக்கக் கூடாதுங்ணா.”

பூஜையில் வைத்த சாமானை மறுநாள் காலை வரைக்கும் தொடக் கூடாது. திருப்பூரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஊசியைக்கூட எடுக்க மாட்டார்கள். அவர் அந்த மாலையை ஒதுக்கிவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டார். சாமி கோபித்துக்கொள்ளாது, இது சரி செய்கிற வேலைதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நீங்கள் எழுதுகிறீர்களா என்று கேட்டார். நான் அசையவில்லை. சரி, நானே எழுதுகிறேன் என்று எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அடிக்கத் தொடங்கினார்.

அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. டக் டக்கென்று என் பெயர் அடிபடுகிற சத்தம். இனி அது நகல் எடுக்கப்படும். இந்தப் பட்டறையிலிருந்து அந்தப் பட்டறைக்கு, அங்கிருந்து கரூருக்கு, ஈரோட்டுக்கு. எத்தனை பூட்டுப் போட்டாலும் நிற்காது. சின்னானின் கண்ணைக் கெடுத்தவன் நாச்சிமுத்து என்று சீட்டு அடிக்கிற ஒவ்வொரு பெண்ணும் படிப்பாள். எழுந்து நின்ற முதலாளிகள் எல்லோரும் உட்கார்ந்துவிடுவார்கள்.

பெஞ்சில் இருந்த பைப் ரிஞ்சை எடுத்தேன். இரண்டடி நீளம், நல்ல கனம். பிடியில் சந்தனம் ஈரமாக இருந்ததால் வழுக்கியது, வேட்டியில் துடைத்துக்கொண்டேன். அவர் அடித்து முடித்துச் சேமிக்கிற சாவியை அழுத்தியபோது முதல் அடி வலது காதுக்குப் பின்னால் விழுந்தது. அவர் உடனே சாயவில்லை. திரும்பி என்னைப் பார்த்து, ஏதோ கேட்க மறந்தவர் மாதிரி, “அண்ணா” என்றார். இரண்டாவது அடி நெற்றியில். தேங்காய் உடைகிற சத்தம்தான் அதுவும். மூன்றாவது தேவைப்பட்டிருக்காது என்று பிறகு தோன்றியது. அதற்குப் பிறகும் இரண்டு அடித்தேன். கீபோர்டில் ‘வி’ எழுத்துக்கு மேல் ஒரு பல் கிடந்தது. தலைகீழ் எழுத்துப் போட்ட டீ-ஷர்ட் முழுக்க ஒரே நிறமாகிவிட்டது.

கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பொரிப் பொட்டலம் ஒன்று பிரிந்து கிடந்தது, இரண்டு வாய் தின்றேன். காலையில் விரதம்.

காலைப் பிடித்து இழுத்துப்போய்ப் பின்பக்கம் சாயக் கழிவுத் தொட்டியில் தள்ளினேன். அன்றைய தண்ணீர் மெரூன் கலர். உள்ளே தரையைக் கழுவிவிட்டேன். முன்வாசல் வரைக்கும் தெறித்திருந்ததற்கு மட்டும் வேறு வழி செய்தேன். உடைக்காமல் இன்னொரு பூசணிக்காய் மூலையில் இருந்தது. அதில் குங்குமத்தைக் கரைத்து ஊற்றி அந்த இடத்தின்மேல் ஓங்கி உடைத்தேன். மறுநாள் வந்தவர்கள் அதைத் தாண்டித்தான் உள்ளே போனார்கள். உங்களுக்கு முன்னால் இந்த ஸ்டேஷனில் இருந்தவரும் தாண்டித்தான் போனார். கால் வழுக்கித் தொட்டிச் சுவரில் தலை மோதி விழுந்துவிட்டார் என்று எழுதிக்கொண்டார்கள்.

கிளம்பும் முன் ஒரு வேலை செய்தேன். அவருடைய புரோகிராமின் கடைசி நகல் எனக்கு வேண்டியிருந்தது. இரண்டாயிரம் வருடம் பிறந்தால் தேதியெல்லாம் குழம்பிவிடும் என்று எல்லா முதலாளிகளும் பயந்துகொண்டிருந்தார்கள். அவர் அதைச் சரி செய்து வைத்திருந்தார். முழுவதையும் ஃப்ளாப்பியில் எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டரைத் துடைத்துக் காலி செய்தேன். ரிஞ்சைக் கழுவி, மறுபடியும் சந்தனம் குங்குமம் வைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். பூஜையில் வைத்த சாமானைத் தொட்டது தப்புதான். அதற்காகப் பழநி போய் முடி காணிக்கை கொடுத்துவிட்டு வந்தேன். பூஜை அன்றைக்கே பழநியில் இருந்ததாக எல்லோரிடமும் சொன்னேன்.

கணியூருக்குப் பிணம் போன வேனில் நானும் போனேன். அவர் அம்மா மயிலாத்தாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, உங்களைப் பற்றித்தான் எப்போதும் சொல்லுவான், நாச்சிமுத்து அண்ணன்தான் இந்த ஊருக்கே கம்ப்யூட்டர் கொண்டுவந்தவர் என்பான் என்று அழுதார். எனக்கும் கண் கலங்கியது. அது நடிப்பு இல்லை.

பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. பட்டறைகளுக்குப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். நான் அவருடைய புரோகிராமுக்கு மேலே வேலன் என்று பெயர் மாற்றி, கலர் மாற்றி, பூட்டுப் போட்டுக் கொடுத்தேன். சோர்ஸில் இருந்த பெயர் வரிகளையெல்லாம் தேடி அழித்துவிட்டேன். அப்படி நினைத்தேன். முன்னூறு பக்கத்தை யார் உட்கார்ந்து படிப்பது? என்னைப் போன்றவர்கள் அழிப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பட்டியலின் இன்னொரு நகலை வேலை செய்கிற வரிகளுக்குள்ளேயே வைத்திருந்தார். சீட்டுத் திரையில் ஒரு குறிப்பிட்ட சாவியை அழுத்தினால் எல்லாப் பெயர்களும் வரும். சீட்டு அடிக்கிற பெண்களுக்கு அது தெரியும். தங்கள் பெயரைப் பார்ப்பதற்காக அழுத்துவார்களாம்.

பூட்டுப் போட்டுக் கொடுத்த பட்டறைகளில் கிட்டுசாமி வேலை செய்த அந்தப் பட்டறையும் ஒன்று. போன வாரம் அங்கே போயிருந்தபோது தெய்வாத்தாள் என்னைக் கூப்பிட்டார்.

“ஏனுங்க சார், ஆயுத பூச அன்னைக்கு மத்தியானம் மிஷின ஆருங்க தொட்டது?”

யாரும் தொட்டிருக்க மாட்டார்களே என்றேன்.

“இதுல தேதி போட்டிருக்குதுங்க. பன்னண்டு அஞ்சுன்னு மணி போட்டிருக்குது. உங்க பேரு இருக்குது. நீங்க அன்னைக்குப் பழநியில இருந்தீங்கன்னீங்களே?”

திரையை எட்டிப் பார்த்தேன். என் பெயர், தேதி, நேரம். அதற்கு மேல் படிக்கவில்லை. என்ன எழுதியிருக்கும் என்று எனக்குத்தான் தெரியுமே. பூட்டைப் பிடுங்கினேன். திரை நின்றுவிட்டது. பூட்டில் ஏதோ கோளாறு, சரிசெய்து கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் பகலில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பையில் கத்தி இருந்தது, பூசணிக்காய் வெட்டுகிற கத்தி. வாசலில் சின்னான் தனியாக உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். முகம் மெழுகு உருகி நின்ற மாதிரி இருந்தது. வெங்காயம் அந்தக் கண்ணை ஒன்றும் செய்யாது என்று நினைத்துக்கொண்டேன். செருப்புச் சத்தம் கேட்டு, “ஆருங்க? வாங்க, உக்காருங்க. வெயில்ல வந்திருப்பீங்க, தண்ணி குடிங்க” என்று கையால் தடவிச் சொம்பை எடுத்துக் கொடுத்தார். குடித்தேன். தெய்வாத்தாள் எங்கே என்று கேட்டேன். டவுனுக்கு, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறாள் என்றார். அன்றைக்கு அந்தம்மா வீட்டில் இருந்திருந்தால் இதில் இன்னும் ஒரு பக்கம் எழுத வேண்டியிருந்திருக்கும். சொம்பை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.

நான் பூட்டைப் பிடுங்குவதற்கு முன்பே அந்தம்மா அந்தப் பட்டியலை அச்செடுத்து வைத்திருந்தார் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். ஒரு நகல் உங்களுக்கு. ஒன்று மயிலாத்தாளுக்கு. மற்றது தெரிந்த பட்டறைகளில் சீட்டு அடிக்கிற பெண்களுக்கு. மொத்தம் பதினாறு என்றீர்கள். கிட்டுசாமி நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

நேற்று நீங்கள் அந்தப் பேப்பரை என் முன்னால் வைத்தீர்கள். அந்த வரியை முழுதாக அப்போதுதான் படித்தேன். அதில் இருந்தது இவ்வளவுதான்: ‘நாச்சிமுத்து. பெராக்சைடு அளவில் இருந்த தவறைக் கண்டு சரிசெய்தவர்.’

நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் அழுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் யோசித்தது வேறு. அடிக்கும்போதே வாய்விட்டுப் படித்திருக்கலாம் அவர். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அந்த ரிஞ்சைத் தொட்டிருக்கப் போவதில்லை. எல்லாவற்றையும் திறந்து வைக்கிற மனிதர், அன்றைக்கு மட்டும் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். அந்தத் தப்பு அவருடையது.

மற்றபடி சின்னானின் கண்களைக் கெடுத்ததும் கிட்டுசாமியைக் கொன்றதும் நான்தான். யாரும் மிரட்டி எழுதி வாங்கவில்லை. வேலன் இப்போதும் முப்பத்திரண்டு பட்டறைகளில் ஓடுகிறது. அது என் புரோகிராம் என்பதை வழக்குக் கட்டில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

பெயர், தேதி, நேரம் மூன்றும் போட்டுக் கீழே கையெழுத்திட்டிருக்கிறேன். என் அனுமதி இல்லாமல் இதை யாரும் நகல் எடுக்கக் கூடாது.